சிரட்டையும் சுத்தியலும்

சாயல்குடிப் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு எந்த இடம் ஆபத்தானது? எங்கள் ஊரில் இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. அவள் குடத்தோடு போனால் எந்த இடமும் ஆபத்தில்லை. நோட்டுப் புத்தகத்தோடு போனால் எல்லா இடமும் ஆபத்து.

கோடை வந்தால் விடிவதற்கு முன்பே தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு ஊத்துத் தோண்டப் போகும் பெண்களை இந்த வட்டாரம் தலைமுறைகளாகப் பார்த்து வருகிறது. ஓடை மணலில், கடலோர மணல்மேட்டில், சில நேரம் ஆளுயரப் பள்ளத்துக்குள் இறங்கி நிற்பார்கள். மேலே மணல் சரியும். இருட்டில் பூச்சி பொட்டு கிடக்கும். வாலிநோக்கம், மாரியூர் உப்பளங்களில் கண்ணைக் கூசவைக்கும் வெயிலில் பெண்கள் உப்புச் சுமக்கிறார்கள். கருவேலங்காட்டில் முள்ளுக்கு நடுவே விறகு வெட்டி, கரிமூட்டப் புகையில் நிற்கிறார்கள். இதையெல்லாம் யாரும் ஆபத்து என்று சொல்லி நான் கேட்டதில்லை. வேலை என்றுதான் சொல்வார்கள். ஊத்துத் தண்ணீர் விஷயத்தில் அந்தச் சொல்லும் கிடையாது. அது வீட்டு வேலையோடு சேர்ந்துவிடும்.

அதே வீட்டுப் பெண் பிளஸ் டூ முடித்துவிட்டு, ஜியாலஜி படிக்கப் போகிறேன் என்று சொல்லட்டும். மலைக்குப் போகணுமாமே, குவாரிக்குள்ள இறங்கணுமாமே, ஆம்பளப் பயலுகளோட பத்து நாள் வெளியூர்ல தங்கணுமாமே என்று கேள்விகள் வரிசைகட்டும். “ஏத்தா, கல்லையும் மண்ணையும் படிக்கவா காலேசுக்குப் போறது? அது இங்கனயே கெடக்குல்ல” என்று ஒரு அப்பத்தா சிரிப்பாள். அப்பத்தா சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதிக்குப் பிறகு வருகிறேன்.

இந்தக் கட்டுரை கேட்க நினைப்பது ஒரு பழைய அறக் கேள்வி. ஒருத்தியின் நன்மைக்காகவே அவளைத் தடுக்கிறோம் என்று சொல்லும் உரிமை யாருக்கு, எப்போது உண்டு? ‘பாதுகாப்பு’ என்ற சொல் எப்போது அக்கறை, எப்போது காவல்? இந்தக் கேள்வியை வேறு பல இடங்களிலும் வைத்துப் பார்க்கலாம். நிலவியல் படிப்பில் வைத்துப் பார்ப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வெளியே போகாமல் படித்து முடிக்க முடியாத படிப்பு அது.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளியில் நாம் புவியியல் என்று படித்தது ஜாகிரபி. அரசின் ‘புவியியல் மற்றும் சுரங்கத் துறை’யில் அதே சொல் ஜியாலஜியைக் குறிக்கிறது. குழப்பம் வேண்டாம் என்பதால் இங்கே நிலவியல் என்றே எழுதுகிறேன். இளங்கலையில் இதைச் சொல்லித்தரும் கல்லூரிகள் தமிழ்நாட்டில் அதிகமில்லை. சென்னை மாநிலக் கல்லூரி, சேலம் அரசு கலைக் கல்லூரி, திருச்சி தேசியக் கல்லூரி ஆகியவற்றில் இருக்கிறது. எங்களுக்குப் பக்கம் என்றால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போய்ச் சேரும் தூத்துக்குடி வ.உ.சிதம்பரம் கல்லூரி. நான் படித்தது இந்தப் பெயர்களில் சேராத வேறொரு கல்லூரி.

கனிமங்களின் பெயரும் குணமும், பாறைகள் உருவாகும் விதம், தொல்லுயிர் எச்சங்கள், நிலத்தடி நீர் என்று மூன்று வருடப் பாடம் வகுப்பறையில் நடக்கும். ஆனால் படிப்பின் உயிர் களத்தில் இருக்கிறது. சுத்தியல், கைலென்ஸ், பாறை அடுக்கின் திசையையும் சாய்வையும் அளக்கும் காம்பஸ், ஒரு வரைபடம், ஒரு களக் குறிப்பேடு இவற்றோடு ஒரு நிலத்தின் மேல் நடக்க வேண்டும். அரியலூர்ப் பக்கம் காரை ஓடைகளில் நடந்தால், டைனோசர் காலத்தில் அங்கே இருந்த கடலின் உயிரினங்கள் காலில் தட்டுப்படும். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. 1940-ல் எம்.எஸ். கிருஷ்ணன் என்ற நிலவியலாளர் அதை உலகுக்குச் சொன்னார். பாம்பனில் ஒரு காலத்தில் கடலுக்குள் வளர்ந்த பவளப்பாறை இன்று கடல் மட்டத்துக்கு மேலே நிற்கிறது. கடல் ஒரு காலத்தில் இன்னும் உயரத்தில் இருந்தது என்பதற்கு அது சாட்சி. புத்தகத்தில் இதைப் படித்தவளுக்கும் அந்தப் பாறையில் கை வைத்துப் பார்த்தவளுக்கும் வேறுபாடு உண்டு. கல்லைப் பார்த்து, இது எப்படி இங்கே வந்தது என்று தானே யோசித்து, தானே ஒரு முடிவுக்கு வரும் பழக்கம் களத்தில்தான் வருகிறது. நிலவியலில் அறிவு என்று சொல்வது பெரும்பாலும் அந்தப் பழக்கத்தைத்தான்.

அந்த இடத்தில்தான் கதவு சாத்தப்படுகிறது. எங்கள் வகுப்பில் களப்பயணத்துக்கு எல்லோரும் விண்ணப்பம் தந்தோம். பெண்கள் மட்டும் அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும் என்றார்கள். வாங்கி வந்தவர்களையும் குவாரியின் மேல் விளிம்பில் நிறுத்திவிட்டுப் பையன்களைக் கீழே இறக்கினார்கள். பையன்கள் உடைத்து எடுத்துவந்த மாதிரிகளுக்கு நாங்கள் எண் ஒட்டி, காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினோம். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று பாராட்டும் கிடைத்தது. இது நடந்தது அப்போது, இப்போது எல்லாம் மாறிவிட்டது என்று சொல்வார்கள். மாறித்தான் இருக்கிறது, இன்று பல வகுப்புகளில் பெண்களே அதிகம். ஆனால் இந்தப் படிப்பு முடித்த பெண்களிடம் பேசிப் பாருங்கள். ஆய்வகத்துக்கும் கணினிக்கும் பெண்கள், களத்துக்கு ஆண்கள் என்ற பாகப்பிரிவினையை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் அது நடக்கிறது என்பார்கள். தடுத்தவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறோம் என்றே எல்லோரும் சொன்னார்கள். அதனால்தான் இதை யோசிக்க வேண்டியிருக்கிறது. கெட்ட எண்ணத்தோடு தடுத்தால் எதிர்ப்பது சுலபம்.

இப்போது அப்பத்தாவின் பாதி நியாயத்துக்கு வருவோம். கடலோர மணலில் ஊத்துத் தோண்டும் பெண்கள் ஆழமாகத் தோண்டுவதில்லை. ஈரம் கசிந்ததும் நிறுத்திவிடுவார்கள். ஊறி வரும் தண்ணீரைக் குடத்தை முக்கி அள்ளமாட்டார்கள். சிரட்டையால் மேலோட்டமாக, கலங்காமல், கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஊற்றுவார்கள். அவசரப்பட்டு அள்ளினால் தண்ணீர் உவர்த்துப்போகும். உவர்த்துவிட்டால் அந்தப் பள்ளத்தை விட்டுவிட்டு வேறொன்று தோண்ட வேண்டும். புதிதாக வந்த மருமகளுக்கு மாமியார் சொல்லித்தரும் முதல் பாடங்களில் இதுவும் ஒன்று.

இதையே நிலத்தடி நீரியல் பாடத்தில் கைபன்–ஹெர்ஸ்பர்க் விதி என்று படித்தேன். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்தைச் சேர்ந்த கைபனும், 1901-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்ஸ்பர்க்கும் தனித்தனியாகக் கண்டது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழம் வரை உப்புநீரை அது அழுத்தி வைத்திருக்கும். மேலே 1 அடி குறைந்தால் கீழிருந்து உப்புநீர் காலப்போக்கில் 40 அடி ஏறிவரும். மோட்டார் போட்டு ஓரிடத்தில் வேகமாக உறிஞ்சினால், அந்த இடத்துக்கு நேர் கீழே உப்புநீர் கூம்புபோல எழும்பிவரும். எங்கள் கடற்கரையில் எத்தனையோ ஆழ்துளைக் கிணறுகள் உவர்த்துப்போனதன் கதை இது. சிரட்டை ஏன் சிரட்டையாக இருக்கிறது என்பதற்கும் இதுவே விளக்கம்.

எங்கள் பாட்டிமார் ஐரோப்பியருக்கு முன்பே எல்லாம் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. 40 என்ற கணக்கு அவர்களிடம் இல்லை. அந்தக் கணக்கு இருந்தால்தான் ஒரு கிராமத்துக்கு எத்தனை கிணறு தாங்கும், எங்கே போடக்கூடாது என்று முன்கூட்டியே சொல்ல முடியும். ‘கல்லும் மண்ணும் இங்கேயே கிடக்கிறது’ என்ற அப்பத்தாவின் பேச்சில் தவறிப்போன பாதி அதுதான். கண்முன் கிடப்பதாலேயே ஒன்று அறிவாகிவிடாது. ஆனால் அவள் சரியாகச் சொன்ன பாதி இன்னும் முக்கியம். களம் என்பது பெண்களுக்குப் புதிய இடமில்லை. அவர்கள் எப்போதும் அங்கேதான் இருந்தார்கள். அங்கே அவர்கள் அறிந்தது படிப்பாக, பட்டமாக, சம்பளமாக, கையெழுத்துப் போடும் அதிகாரமாக மாறும் கட்டத்தில்தான் ‘பாதுகாப்பு’ என்ற சொல் வந்து குறுக்கே நிற்கிறது.

இது எங்கள் ஊரின் குணம் மட்டும்தானா? சட்டத்தின் வரலாற்றைப் பார்ப்போம். இந்தியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லாயிரம் பெண்கள் நிலத்தடியில் வேலை செய்தார்கள். பெரும்பாலும் ஆதிவாசிகளும் ஒடுக்கப்பட்ட சாதியினரும். ஆண் வெட்டிய கரியை அவன் மனைவியோ சகோதரியோ அள்ளிச் சுமந்தாள். 1929-ல் அவர்களைப் படிப்படியாக வெளியேற்றும் விதிகள் வந்தன. 1937-ல் தடை முழுமையானது. பிறகு உலகப் போர் வந்தது, கரி வேண்டியிருந்தது. 1943-ல் தடையைத் தளர்த்திப் பெண்களை மறுபடி கீழே இறக்கினார்கள். போர் முடிந்ததும் 1946-ல் மறுபடி வெளியேற்றினார்கள். அந்த மூன்று ஆண்டுகளில் சுரங்கத்தின் கூரை உறுதியாகிவிடவில்லை, பெண்ணின் உடலும் மாறிவிடவில்லை. மாறியது தேவை மட்டும்தான்.

விடுதலைக்குப் பிறகு வந்த 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு, நிலத்தடியில் பெண்களை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. தரைக்கு மேலேயும் காலை 6 மணி முதல் மாலை 7 மணி வரைதான். நிலவியலோ சுரங்கப் பொறியியலோ படித்த பெண்ணுக்கு, படித்த வேலையின் முக்கியமான இடம் 67 ஆண்டுகள் மூடிக் கிடந்தது. 2019 தொடக்கத்தில் விலக்கு அளித்தார்கள். தொழில்நுட்பம், மேற்பார்வை, நிர்வாகம் சார்ந்த பணிகளில் பெண்கள் நிலத்தடிக்குப் பகலில் போகலாம். எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். ஒரு ஷிஃப்டில் மூன்று பேருக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்றது அந்த அறிவிப்பு. 2021-ல் சென்ட்ரல் கோல்ஃபீல்ட்ஸ் நிறுவனத்தின் நிலத்தடிச் சுரங்கத்தில் ஆகாங்ஷா குமாரி பொறியாளராகச் சேர்ந்தது செய்தியானது. அந்தச் செய்தியில் எனக்கும் மகிழ்ச்சி.

அந்த மகிழ்ச்சிக்குள் ஒரு நெருடலும் இருக்கிறது. படித்த பெண்ணுக்குத் திறந்த கதவு, கூலிப் பெண்ணுக்குத் திறக்கவில்லை. 1935-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கொண்டுவந்த 45-ஆம் உடன்படிக்கையிலும் இதே கோடுதான். நிர்வாகப் பொறுப்பில் இருக்கும் பெண்களுக்கும், படிப்பின் பகுதியாகச் சுரங்கத்தில் பயிற்சி எடுக்கும் மாணவிகளுக்கும் விலக்கு அளிக்கலாம் என்றது அது. உடல் உழைப்பு மட்டும் கூடாது. அப்படியானால் ஆபத்து என்று சொன்னது எதை? கூரை இடிந்தால் மேற்பார்வையாளர் தலையிலும்தான் விழும். பாதுகாப்பு என்ற சொல்லை எங்கே வைப்பது, எங்கே எடுப்பது என்பதை ஒவ்வொரு முறையும் வேறு யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். கரி சுமந்தவளைக் கேட்கவில்லை. சுரங்கத்தை விட்டுப் போனபின் அவள் என்ன சாப்பிடுவாள் என்றும் கேட்கவில்லை.

இவ்வளவு சொன்னபிறகு, ஆபத்தே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. குவாரிச் சுவர் சரிந்து ஆட்கள் சாகிறார்கள். நாள் முழுக்க வெட்டவெளியில் நிற்கும் களப்பயணத்தில் கழிப்பறை இல்லாததால், காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் மயங்கி விழும் மாணவிகள் உண்டு. மாதவிலக்கு நாளில் துணி மாற்ற ஒரு மறைவு கிடைக்காது. கூட வரும் ஆண்களின் நாக்கும் கையும் எப்படி இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பெண்ணை அனுப்பிவிட்டு இரவெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாவின் பயம் மூடத்தனம் இல்லை. அவள் பார்த்த உலகத்திலிருந்து வந்த பயம் அது.

ஆனால் அந்தப் பயத்தை வைத்து என்ன செய்கிறோம் என்பதில் இரண்டு வழிகள் பிரிகின்றன. ஒன்று இடத்தை மாற்றுவது: கழிப்பறை வசதி உள்ள இடத்தில் தங்க ஏற்பாடு செய்வது, தலைக்கவசம் தருவது, பெண் ஆசிரியரைக் கூட அனுப்புவது, புகார் வந்தால் தவறு செய்தவனைப் பயணத்திலிருந்து நீக்குவது. மற்றது பெண்ணை அகற்றுவது. முதலாவதில் செலவும் உழைப்பும் அதிகாரம் உள்ளவர் தலையில் விழுகிறது. இரண்டாவதில் இழப்பு முழுக்க அவள் தலையில். இதுதான் நான் கண்ட அளவுகோல். ஒரு தடை அக்கறையா காவலா என்று தெரிய வேண்டுமானால், அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். 2020-ஆம் ஆண்டுத் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு எல்லா வகை வேலைகளையும் பெண்களுக்குத் திறந்துவிட்டு, ஆபத்தான பணி என்றால் போதிய பாதுகாப்பு ஏற்பாட்டை முதலாளி செய்யுமாறு அரசு கேட்கலாம் என்கிறது. காகிதத்திலாவது பாரம் இடம் மாறியிருக்கிறது. உப்பளத்தில் கண்ணாடியும் பூட்ஸும் இல்லாமல் நிற்கும் அக்காமாரிடம் அது வந்து சேர்ந்தால்தான் அதன் அர்த்தம் தெரியும்.

களத்துக்குப் போகாமலே சாதித்த பெண்கள் இல்லையா என்று கேட்பவர்கள் மேரி தார்ப்பைக் காட்டுவார்கள். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வேலை செய்த அவருக்கு ஆய்வுக் கப்பலில் ஏற அனுமதி இல்லை. ஆண்கள் கடலில் அளந்து கொண்டுவந்த ஆழக் கணக்கை மேசையில் வைத்து வரைந்தே, அட்லாண்டிக் கடலடி மலைத்தொடரின் நடுவில் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு ஓடுவதை 1950களின் தொடக்கத்தில் கண்டார். கண்டங்கள் நகர்கின்றன என்ற கருத்துக்கு அது பெரிய ஆதாரம். அவருடன் வேலை செய்த புரூஸ் ஹீசன் முதலில் அதைப் பெண்பிள்ளைப் பேச்சு என்று தள்ளினார். தார்ப் முதன்முதலாக ஆய்வுக் கப்பலில் ஏறியது 1968-ல். இந்தக் கதை, தடையை மீறிய அறிவுக்குச் சான்று. தடை தேவையில்லாதது என்பதற்கும் சான்று. தடையால் கெடுதல் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. ஒரு தார்ப்பை நமக்குத் தெரியும். கப்பல் கரையிலேயே நின்றுபோன மற்றவர்களை நமக்குத் தெரியாது. இங்கே ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் சுதீப்தா சென்குப்தா 1983-ல் புறப்பட்ட மூன்றாவது இந்தியப் பயணத்தில் அண்டார்க்டிகாவுக்குப் போனார். அவரும் கடலியலாளர் அதிதி பந்த்தும்தான் அங்கே கால்வைத்த முதல் இந்தியப் பெண்கள். சுதீப்தா மலையேற்றப் பயிற்சியும் பெற்றவர். பனிக்கண்டத்தின் பாறைகளை அவர் நேரில் போய்ப் படிக்க முடிந்தது, ஏனென்றால் அவர் பெயரைப் பட்டியலில் யாரோ சேர்த்தார்கள்.

சுத்தியல் கைக்கு வந்தபிறகு என்ன? இந்தக் கேள்வியை நாம் அதிகம் கேட்பதில்லை. ஒரு நிலவியலாளரின் அறிக்கையை வைத்து ஒரு கல்குவாரிக்கு உரிமம் கிடைக்கிறது, ஒரு கடற்கரையில் மணல் அள்ளப்படுகிறது, ஒரு கிராமத்தில் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் துளை போடப்படுகிறது. இராமநாதபுரம் கடற்கரைக்கு இவை எல்லாமே வீட்டுக்கதைகள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. பல பத்தாண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். எஞ்சிய தீவுகளைக் காக்க 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா வந்தது. தீவோரம் மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைத்த பெண்கள் ஒரே நாளில் அத்துமீறியவர்கள் ஆனார்கள். அவர்கள் தாங்களே கூடி, மாதத்தில் சில நாள்தான் போவது, கையால் மட்டும்தான் பறிப்பது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்காகப் பேசிய பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் சர்வதேச சீக்காலஜி விருது கிடைத்தது. பெண்ணைக் காப்பதும் தீவைக் காப்பதும் ஒரே மாதிரி நடந்திருப்பதைக் கவனியுங்கள். இரண்டிலும் முதலில் அகற்றப்பட்டவர்கள் அந்த இடத்தை நன்றாக அறிந்த பெண்கள்.

ஆகவே களத்துக்குள் பெண்கள் நுழைந்தால் மட்டும் நீதி வந்துவிடாது. எங்கே நல்ல தண்ணீர் ஊறும் என்று அறிய வரும் நிலவியலாளர் பெண்ணாக இருந்தும், ஊத்துத் தோண்டும் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கருவியை மட்டும் வைத்துவிட்டுப் போனால், அவள் எங்களைக் குவாரி விளிம்பில் நிறுத்தியவரின் இடத்தில்தான் நிற்கிறாள். கேட்டால் மட்டும் போதாது, யாரைக் கேட்கிறோம் என்பதும் உண்டு. ஊருணியில் யார் எந்தப் பக்கம் இறங்கலாம் என்பதைச் சாதி முடிவு செய்த மண் இது. தூரத்து ஊத்துக்கு நடக்க வேண்டியிருந்தவர்கள் யார் என்று பார்த்தால், மணலை அதிகம் அறிந்தவர்கள் யார் என்பதும் தெரியும். அவர்கள் சொன்னது அறிக்கையில் ‘உள்ளூர்வாசிகள்’ என்ற ஒரு சொல்லாகச் சுருங்காமல், இன்ன ஊரில் இன்ன பெண்கள் சொன்னது என்று பதிவாக வேண்டும். பல்லாவரம், பரங்கிமலைப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற வணிகரின் கல்லறையில் அதே கல் இருந்ததால் 1893-ல் தாமஸ் ஹாலந்து வைத்த பெயர். கல்லுக்கு அடியில் புதைந்தவரின் பெயர் உலகப் பாடப்புத்தகங்களில் நிற்கிறது. கல்லை உடைத்த கைகளின் பெயர் எதுவும் நம்மிடம் இல்லை.

இந்த வருடமும் சாயல்குடி, கடலாடி, நரிப்பையூர்ப் பக்கமிருந்து சில பெண்கள் இந்தப் படிப்பில் சேர்வார்கள். அவர்களுக்கு 18 வயது ஆகியிருக்கும். சட்டமன்றத்துக்கு யாரை அனுப்புவது என்று முடிவு செய்ய அந்த வயது போதும் என்கிறது நாடு. களப்பயண அனுமதிக் கடிதம் கைக்கு வரும்போது, அதில் யார் கையெழுத்துப் போட இடம் விட்டிருக்கிறார்கள் என்று அவர்கள் பார்க்கட்டும். அப்பாவுக்கு விட்டிருந்தால், தன் பெயருக்கும் ஒரு வரி கேட்கட்டும். தங்குமிடத்தில் கழிப்பறை உண்டா என்பதையும் அதே மூச்சில் கேட்கட்டும்.